பைத்தானை மாற்றினேன், டெர்மினலே திறக்கவில்லை

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி, உபுண்டு 22.04. இணையதளங்கள் உருவாக்கப் பைத்தானில் எழுதப்பட்ட கட்டமைப்பான ஜாங்கோ திட்டத்துக்குப் பங்களிக்கலாம் என்று அதன் நிரலை இறக்கினேன். என்னிடம் இருந்த பைத்தான் 3.10 போதாது என்றது. 3.12-ஐ நிறுவி, பைத்தான்3 என்றால் அதுவே இயங்கும்படி மாற்றினேன். அன்றிலிருந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திறக்கவில்லை. எப்படிச் சரிசெய்வது? இனி கணினியைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை செய்ய, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் கட்டாயமா?

பதில்: முதலில் டெர்மினலை மீட்போம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், பைத்தான்3 என்ற இணைப்பை மறுபடி 3.10 பக்கம் திருப்பிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 3.12-ஐ அழிக்க வேண்டாம், அது ஓரமாக இருக்கட்டும்.

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடும் சிறு நிரலே பைத்தானில் எழுதப்பட்டதுதான். அதற்குத் தேவையான ஒரு நூலகம் 3.10-க்கென்றே தொகுக்கப்பட்டது; 3.12 அதைத் தேடினால் கிடைக்காது. உபுண்டுவோடு வரும் பைத்தான் உபுண்டுவின் சொந்த உபயோகத்துக்கு. இப்படிப் பலர் கையைச் சுட்டுக்கொண்டதால்தான், 2023-இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 முதல், கணினியின் பைத்தானுக்குள் எதையும் நிறுவ, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மறுக்கிறது. மறுப்பை மீறும் தெரிவு ஒன்று உண்டு. 'சிஸ்டம் தொகுப்புகளை உடை' என்பதுதான் அதன் பெயரே. அதையும் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது?

டாக்கர் கட்டாயம் இல்லை. எதை எதிலிருந்து பிரிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தேவையான அளவு சுவர் எழுப்பினால் போதும். உங்கள் சிக்கல் பைத்தான் பதிப்பும் தொகுப்புகளும். அதற்கு வென்வ் என்ற மெய்நிகர் சூழல் போதும்.

வென்வில் மாயம் எதுவும் இல்லை; அது ஒரு கோப்புறை. உள்ளே ஒரு பைத்தானுக்கான இணைப்பும், தொகுப்புகளுக்குத் தனி இடமும் இருக்கும். அதைச் செயல்படுத்தும்போது, கட்டளைகளைத் தேடும் பட்டியலில் அந்தக் கோப்புறை முதலிடத்துக்கு வருகிறது. கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். வேறு இடத்துக்கு நகர்த்த மட்டும் கூடாது, உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். ஜாங்கோ நிரல் இருக்கும் கோப்புறைக்கு வெளியே அதை வைத்துக்கொள்ளுங்கள். வென்வையும் சேர்த்து ஆயிரக்கணக்கான கோப்புகளுடன் அனுப்பப்பட்ட திருத்தங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 3.12-ஐக் கொண்டே வென்வ் உருவாக்குங்கள். உபுண்டுவில் அதற்கான வென்வ் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். யூவி என்ற கருவியையும் பயன்படுத்தலாம். தேவையான பைத்தானை அதுவே உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் இறக்கிக்கொள்ளும். ஆனால் யூவி உருவாக்கும் சூழலில் இயல்பாக பிப் இருக்காது. பழக்கத்தில் வெறுமனே பிப் என்று அடித்தால், வெளியே இருக்கும் கணினியின் பிப் ஓடி, தொகுப்புகள் தப்பான இடத்தில் போய் இறங்கும். யூவி வழியாகவே பிப் கட்டளையைக் கொடுங்கள்.

அடுத்து ஜாங்கோவை 'திருத்தக்கூடிய' முறையில் நிறுவுங்கள். பிப் கட்டளையில் '-e' என்ற தெரிவு. இதில் நிரல் வென்வுக்குள் நகலெடுக்கப்படாது. உங்கள் கோப்புறை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் போகும். அங்கே ஒரு வரியை மாற்றினால் உடனே பலிக்கும். பிறகு டெஸ்ட்ஸ் கோப்புறைக்குள் சென்று, தேவைப் பட்டியலில் உள்ளவற்றை நிறுவி, சோதனைகளை ஓட்டுங்கள். தரவுத்தளம் எதுவும் நிறுவ வேண்டாம், இயல்பாக, சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட்டே போதும். உங்கள் 8 ஜிபிக்கு மூச்சு முட்டினால், ஒரே நேரத்தில் இரண்டு சோதனைகள் மட்டும் ஓடும்படி இணைப்போட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

சோதனை தொடங்கும்போது, எந்தப் பாதையில் உள்ள ஜாங்கோவைச் சோதிக்கிறேன் என்று ஒரு வரி அச்சாகும். தயவுசெய்து அதைப் படியுங்கள். ஒருமுறை வேறொரு திட்டத்தில் நிரலுக்குள் பிரின்ட் வரிகளாகப் போட்டுத் தள்ளினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் திருத்தியது ஒரு நகலை, ஓடியது இன்னொன்று. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வொர்க்ட்ரீ வசதியில் கிளைக்கொரு (இணையாக நடக்கும் ஒவ்வொரு திருத்த வேலைக்கும் ஒரு) கோப்புறை வைத்துக்கொள்பவர்கள் இதில் எளிதில் மாட்டுவார்கள். ஒரு வென்வ் ஒரு கோப்புறையைத்தான் சுட்டும். ஆகவே கிளைக்கொரு வென்வும் வேண்டும்.

வென்வின் எல்லை பைத்தான் தொகுப்புகளோடு முடிகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், வரைபட வேலைக்கான ஜிடால் போன்ற நூலகங்கள், சி தொகுப்பான் எல்லாம் அதற்கு வெளியே. நீங்கள் எடுத்த பிழை போஸ்ட்கிரெஸில் மட்டும் வருகிறது என்றால் அப்போது டாக்கர் தரும் அந்தப் பெட்டிக்கு, அதாவது கன்டெய்னருக்குப் போகலாம். ஜாங்கோ குழுவினரே 'ஜாங்கோ டாக்கர் பாக்ஸ்' என்று ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் கன்டெய்னர் உங்கள் இயங்குதளத்தின் கருவான கெர்னலையே பகிர்ந்துகொள்வதால் நினைவகச் செலவு அதிகம் இல்லை. உள்ளே ரூட்டாக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகியாக ஓடும் கன்டெய்னர் உங்கள் கோப்புறையில் எழுதும் கோப்புகளை ரூட்டின் பெயரில் விட்டுப்போகும், பிறகு ரூட் அனுமதி இல்லாமல் உங்களாலேயே அவற்றைத் திருத்த முடியாது. டாக்கர் போன்ற இன்னொரு கருவியான பாட்மேனில் ரூட் இல்லாமல் ஓட்டினால் இந்தத் தொல்லை குறைவு. முழு மெய்நிகர் கணினி கெர்னலிலேயே கைவைப்பவர்களுக்கு. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வென்வ் பாதுகாப்புச் சுவர் அல்ல. முகம் தெரியாத ஒருவரின் திருத்தத்தை இறக்கிச் சோதனையை ஓட்டினால், அது உங்கள் பெயரில், உங்கள் அனுமதிகளோடு ஓடுகிறது. வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள் உட்பட உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள அனைத்தையும் அது படிக்கலாம். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் அம்பலமான பின்கதவு, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில்தான் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் அகப்பட்டது.

ஆகவே, பிறர் நிரலைப் பரிசோதிக்கக் கணினியில் இன்னொரு பயனர் கணக்கை உருவாக்குங்கள், சூடோ என்ற நிர்வாகி அனுமதி இல்லாமல். உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகளை மற்றப் பயனர்கள் திறக்க முடியாது. கன்டெய்னருக்குள் வேறு லினக்ஸை ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸை இதற்கு நம்ப வேண்டாம், அது இயல்பாகவே உங்கள் ஹோமை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடும். புதிய கணக்கில், நிரல்கள் சேமிக்கப்படும் கிட்ஹப் தளத்தின் சாவியும் வைக்காதீர்கள். பொதுவில் உள்ள நிரலை இறக்கிப் பார்க்க அது தேவையே இல்லை.