சிங்காரா முதல் திபெத் கெஸல் வரை: வேலூர் வாசகர்களுக்குப் பதில்கள்

காட்பாடி மாணவர்: சார், அமிர்தி பூங்காவில் இருக்கும் புள்ளிமானும் கெஸலும் ஒரே குடும்பம்தானே?

இல்லை தம்பி. புள்ளிமானும் கடமானும் மான் குடும்பம். ஆணுக்கு மட்டும் கிளைக்கொம்பு. அது விழுந்து விழுந்து புதிதாக முளைக்கும். கெஸல் பார்க்க மான் போலிருந்தாலும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளே எலும்பு, அதன்மேல் உறை போலக் கொம்பு. கிளை விடாது, ஆயுள் முழுக்க விழாது.

குடியாத்தம் ஆசிரியை: ஆசியாவில் எத்தனை வகை கெஸல்? புத்தகத்துக்குப் புத்தகம் கணக்கு மாறுகிறதே?

மாறத்தான் செய்யும் அம்மா, வகைப்பாடு இன்னும் அடங்கவில்லை. இரண்டு பேரினங்களாக, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த இரண்டு குழுக்களாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

முதலாவது கெஸெல்லா. இந்திய கெஸலான நம் சிங்காரா, ஈரானிலிருந்து மங்கோலியா வரை பரவிய கழலைக் கெஸல், அரபு நாடுகளின் மணல் கெஸல், அரேபிய கெஸல், இஸ்ரேல் பக்கத்து மலைக் கெஸல் எல்லாம் இதில் வரும். மணல் கெஸலைக் கழலைக் கெஸலின் துணையினம் என்றுதான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2011இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு அதைத் தனி இனமாகக் கொள்கிறார்கள்.

இரண்டாவது புரோகாப்ரா. திபெத் கெஸல், மங்கோலிய கெஸல், சீனாவின் சிங்காய் ஏரிப் பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் பிரெஸ்வால்ஸ்கி கெஸல் என்று மூன்று. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது, முகத்தில் கருங்கோடு கிடையாது, பின்புறம் பளிச்சென்று வெள்ளை. பேரில் கெஸல் இருந்தாலும், கெஸெல்லாவுக்கு இவற்றைவிட நெருங்கிய சொந்தம் நம் கோடியக்கரை வெளிமான். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

நிறத்தை நம்பி இனம் சொல்லாதீர்கள். வெயில், பருவம், மண் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். பெண்ணின் தலையைப் பாருங்கள்: சிங்காராவில் மெல்லிய, ஏறக்குறைய நேரான சிறு கொம்பு, கழலைக் கெஸலில் பெரும்பாலும் இருக்காது, மணல் கெஸலில் பெரும்பாலும் இருக்கும்.

ஒடுகத்தூர் விவசாயி: நம்ம ஜவ்வாது மலைக் காட்டில் சிங்காரா உண்டா?

கிடையாது ஐயா. நமக்குப் பக்கம் என்றால் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் புக்காபட்ணா சரணாலயம். கோடையில் தண்ணீர் தேடி உங்கள் நிலத்துக்கு வருவது புள்ளிமான். நாய் துரத்தினால் நாயை விரட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்கள் பிடிக்கப் போகாதீர்கள், பயத்திலேயே செத்துவிடும்.

ஆற்காடு புகைப்படக்காரர்: அண்ணா, ராஜஸ்தான் போகிறேன். சிங்காராவையும் வெளிமானையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆண்களில் சிரமமே இல்லை. வெளிமானுக்கு முறுக்கிய நீளக் கொம்பு, வளர்ந்த ஆணின் முதுகு கறுத்திருக்கும். சிங்காராவுக்கு வளையம் வளையமாக, பெரும்பாலும் 25, 30 செ.மீ. கொம்பு, முறுக்கு இல்லை. பெண்களில்தான் தடுமாறுவீர்கள். கொம்பு தெரிந்தால் அநேகமாக சிங்காரா. கொம்பு சரியாகத் தெரியவில்லையா, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணிலிருந்து மூக்கை நோக்கி வெள்ளைக் கோடும் பழுப்புக் கோடும் இறங்கினால் சிங்காரா. வெளிமான் பெண்ணுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை இருக்கும், அந்தக் கோடுகள் இருக்காது. அப்புறம் வால்: சிங்காராவின் கறுத்த வால் ஓயாமல் ஆடும். உயரம் தோளளவில் 65 செ.மீ., எடை 20 கிலோ சுமார். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்கு. வண்டியில் துரத்திப் படமெடுக்க வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து: கழலை என்றால் நோயா?

நோயில்லை. ஆணின் குரல்வளை பெருத்துத் தொண்டையில் புடைத்து நிற்கும். இணைசேரும் காலத்தில் அதை வைத்துத்தான் கரகரவென்று உறுமும்.

கம்மவான்பேட்டை ராணுவ வீரர், விடுமுறையில்: லடாக்கில் வெள்ளைப் பின்புறத்தோடு சின்ன மான் ஒன்றைப் பார்த்தேன் சார். நெட்டுக்குத்தாக நீளக் கொம்போடு இன்னொன்றும் பார்த்தேன். இரண்டும் கெஸலா?

முதலாவது திபெத் கெஸலாக இருக்க வேண்டும். 13 முதல் 16 கிலோதான் இருக்கும். ஆணின் கொம்பு மேலெழுந்து பின்னோக்கி வளையும். இந்தியாவில் அதற்கு லடாக்கும் வட சிக்கிமும்தான் வீடு. இரண்டாவது சிரு என்கிற திபெத் மறிமான். உடம்பைப் பார்த்தால் கெஸல் சாயல் தெரியும், ஆனால் உறவு ஆடுகளோடு. இதன் உள்மயிரில் நெய்த ஷாதூஷ் சால்வைக்காகவே கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். திபெத் கெஸல் லடாக்கில் அரிதாகிவிட்டது. மறுபடி கண்ணில் பட்டால் தேதி, இடம், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று குறித்து அங்குள்ள வனவிலங்குத் துறையிடம் கொடுங்கள். அவர்களால் எளிதில் போக முடியாத இடங்களில் நீங்கள் இருக்கிறீர்கள்.