ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கழற்றும் முன்

கேள்வி: ஹூஸ்டன் அருகே கேட்டியில் வசிக்கிறேன். என் 1990 மஸ்டாங்கின் 5.0 லிட்டர் இன்ஜின் பழுதானதால், 1970களில் தயாரான 302 இன்ஜின் (அதே 5.0 லிட்டர் வகையின் பழைய வடிவம்) ஒன்றை ஒரு தனிநபரிடம் வாங்கிக் கொடுத்து, ஓர் ஒர்க்‌ஷாப்பில் 6,800 டாலர் செலவில் மாற்றினேன். ‘முடிந்தவரை இருக்கும் பாகங்களையே பயன்படுத்துங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். இப்போது வேகம் கூடக் கூட கார் அதிர்கிறது. இன்ஜினின் பின்புறம் எண்ணெய் கசிகிறது. பழுதான இன்ஜினில் இருந்த ஃப்ளெக்ஸ்பிளேட்டை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் வட்டத் தட்டு) இதில் மாட்டியதே காரணம் என்று இன்னொரு மெக்கானிக் கூறுகிறார். அடுத்த வாரம் கியர்பாக்ஸை இறக்கி 2,900 டாலருக்குச் சரிசெய்வதாகச் சொல்கிறார். முதல் ஒர்க்‌ஷாப் உரிமையாளர் என்னை அவமதித்துப் பேசினார். மன உளைச்சலுக்கும் சேர்த்து மூன்று மடங்கு இழப்பீடு பெற முடியுமா?

பதில்: உரிமையாளர் உங்களிடம் நடந்துகொண்ட விதம் வருத்தத்துக்குரியது, ஆனால் அது இந்த வழக்கைத் தாங்கிப் பிடிக்காது. மன உளைச்சலுக்கான இழப்பீடும் மூன்று மடங்குத் தொகையும், ஒர்க்‌ஷாப் தெரிந்தே தவறிழைத்தது என்று நிரூபித்தால் மட்டுமே பேச்சுக்கு வரும். நீங்கள் அனுப்பிய தாள்களில் அலட்சியம் தெரிகிறதே தவிர, தெரிந்தே செய்ததற்கான அடையாளம் இல்லை. தீர்மானமாக வேண்டியது ஒன்றே: அந்த இன்ஜினுக்கு எந்த ஃப்ளெக்ஸ்பிளேட் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது, அதை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்?

சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே தொடங்குகிறது. இருக்கும் பொருளைப் பழுதுபார்ப்பவரும் மாற்றியமைப்பவரும் அந்த வேலையைத் தேர்ந்த தொழிலாளியின் தரத்தில் செய்து தருவதாக உறுதியளித்தவராகவே கருதப்படுவார் என்று 1987இல் மெலடி ஹோம் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபோர்டின் 302 இன்ஜின்களில் 1981 வரை சமநிலை எடை (சுழலும்போது இன்ஜின் அதிராமலிருக்கச் சேர்க்கும் எடை) 28 அவுன்ஸ்-இஞ்ச் (எடையை மையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிய அளவு), அதற்குப் பின் வந்தவற்றில் 50 என்பது இத்துறையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அந்த எடை முன்னால் ஹார்மோனிக் பேலன்சர் என்ற சக்கரத்திலும் பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் இருக்கிறது. இரண்டு வகை ஃப்ளெக்ஸ்பிளேட்டும் ஒரே கிராங்க் ஷாஃப்ட்டில் (இன்ஜினின் உள்ளே சுழலும் முதன்மைத் தண்டு) தடையின்றி மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தவறு நேர்கிறது. பின்புறத்தில் 22 அவுன்ஸ்-இஞ்ச் மிகுந்தால் 3,000 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் ஷாஃப்ட்டை இழுக்கும். தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் சீல் கசிவதில் வியப்பில்லை. (காரை இனி ஓட்டாதீர்கள், தெரிந்தும் ஓட்டிக் கூடிய சேதத்துக்கு எதிர்த்தரப்பு பணம் தராது.)

ஆனால் இவையெல்லாம் இரண்டாவது மெக்கானிக்கின் ஊகமாகவே இருக்கின்றன. கியர்பாக்ஸ் இன்னும் இறங்கவில்லை, ஃப்ளெக்ஸ்பிளேட்டை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவர் அதைக் கழற்றி, புதியதை மாட்டி, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டால் உங்கள் வழக்கும் அதோடு போய்விடும். கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். அதிர்வு நின்றுவிட்டதே, அதுவே சான்றல்லவா என்று கேட்பார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமாகப் பதில் சொல்வார்: ‘இன்ஜினை வாங்கித் தந்தவர் நீங்கள், முன்பு அதைத் திறந்தவர் யார், கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றினார்களா, வெளி எடை தேவைப்படாதபடி உள்ளேயே சமநிலைப்படுத்தினார்களா என்று யாருக்கும் தெரியாது, நாங்கள் மாட்டிய பாகத்தைக் காட்டுங்கள்.’ அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. இங்கே பிளாக் (இன்ஜினின் வெளிக்கூடு) தயாரான ஆண்டு எதையும் முடிவு செய்வதில்லை. உள்ளே சுழலும் பாகங்கள்தாம் முடிவு செய்கின்றன. வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு சான்றை அழித்தவரை நீதிமன்றம் தண்டிக்கலாம் என்பதை 2014இல் புரூக்‌ஷயர் பிரதர்ஸ் வழக்கு தெளிவாக்கியது. அந்த விதி ஒர்க்‌ஷாப்புக்கு எதிராக மட்டும் எழுதப்பட்டதல்ல.

ஆகவே டெக்சஸின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குக்கு முன் தர வேண்டிய 60 நாள் நோட்டீஸை முதலில் அனுப்புங்கள். அந்தக் காலத்தில் காரைப் பார்வையிட அவர்கள் எழுத்தில் கேட்டால் மறுக்காதீர்கள். இரு தரப்பும் இருக்கும்போது, ஒர்க்‌ஷாப்புடன் தொடர்பில்லாத ஒருவர் கியர்பாக்ஸை இறக்கட்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டின் எடைப் பகுதியும் பாக எண்ணும் தெரியும்படி அவர் படமெடுக்கட்டும். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), கியர்பாக்ஸின் முன்பக்க பம்ப், பின்பக்க சீல் ஆகியவற்றையும் விடாமல் பதிவு செய்யட்டும். கழற்றிய பாகங்கள் உங்களிடமே இருக்க வேண்டும்.

அடுத்து உங்கள் வாட்ஸ்அப் செய்தி. கேட்டதைத்தான் மாட்டினோம் என்று அவர்கள் அதையே நீட்டுவார்கள். பொருந்துமா என்று பார்ப்பது தொழில் தெரிந்தவரின் கடமை என்ற நம் பதில் வலுவானதே. ஆனாலும் டெக்சஸில் பொறுப்பைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். உங்கள் பங்கு 50ஐத் தாண்டினால் ஒரு டாலரும் கிடைக்காது, தாண்டாவிட்டாலும் அந்த அளவுக்குத் தொகை குறையும். பழைய ஃப்ளெக்ஸ்பிளேட்டை மாட்டலாமா என்று அவர்கள் கேட்டதற்கு நீங்கள் சம்மதித்த செய்தி வேறேதும் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் அழிக்காதீர்கள், உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். தொகை 20,000 டாலருக்குள் இருப்பதால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கே போகலாம். ஆயினும் சமநிலையை அளந்து சாட்சி சொல்ல ஒரு நிபுணரை அமர்த்தும் செலவே பழுதுபார்க்கும் தொகையை நெருங்கிவிடும். அவர்கள் முறைப்படி முன்வைக்கும் தொகையை நீங்கள் மறுத்து, நீதிமன்றமும் ஏறக்குறைய அதே தொகையையோ அதற்குக் குறைவாகவோ தீர்மானித்தால், அதற்கு மேல் இழப்பீடு வராது. மூன்று மடங்குக் கனவும் அங்கே முடிந்துவிடும். 2,900 டாலருடன் பரிசோதனைச் செலவும் கிடைக்கிறதென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்திடும் முன் விடுவிப்புப் பத்திரத்தின் வாசகத்தைப் பாருங்கள். ‘எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்’ என்று இருந்தால், இந்த அதிர்வால் கியர்பாக்ஸ் பம்ப் மூன்று மாதம் கழித்துப் பழுதானாலும் நீங்கள் கேட்க முடியாது. அந்தச் சேதத்தைப் பத்திரத்திலிருந்து எழுத்தில் விலக்குங்கள், அல்லது பம்பைத் திறந்து பார்த்த பிறகு தொகையைப் பேசுங்கள்.