திக்ரில் கண்ணீர் வரவில்லை

கேள்வி: இஷா (இரவு) தொழுகைக்குப் பிறகு மாடியில் உட்கார்ந்து தினமும் 1,000 தடவை ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ திக்ரு (இறைநினைவு) ஓதி வருகிறேன். ஆரம்பத்தில் நெஞ்சு உருகி அழுதுவிடுவேன். போன நோன்பிலிருந்து ஒன்றுமே இல்லை. விரலில் மாட்டிய கவுண்டரில் எண் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார் நடுவில் கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டு அக்கா, வடலூரில் ஜோதி பார்த்து அழுததைச் சொன்னபோது பொறாமையாக இருந்தது. செல்போன் வகுப்பு நடத்தும் ஒருவர், ‘ஏழு நாளில் கல்பைத் (உள்ளத்தைத்) திறந்து தருகிறேன், ஷெய்கு (குரு) இல்லாதவனுக்கு ஷைத்தானே ஷெய்கு’ என்று சொல்லி 4,500 ரூபாய் கேட்கிறார். சேரலாமா? அல்லாஹ் என்னைக் கைவிட்டுவிட்டானா?
பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, முதலில் அந்த 4,500 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள்.

தரீக்கா என்கிற சூஃபி ஞானப் பாதையில் ஷெய்கு என்பவர், தன் ஆசான், அவருக்கு ஆசான் என்று நபிகள் நாயகம் (ஸல்) வரை போகிற ஸில்ஸிலாவைச் சொல்லக்கூடியவர். முரீதின், அதாவது சீடரின், தொழுகை எப்படி, கோபம் எப்படி, கொடுக்கல் வாங்கல் எப்படி என்று வருஷக்கணக்கில் பார்த்துத் திருத்துவார். உங்கள் முகம்கூடத் தெரியாதவர் ஏழு நாளில் எதைத் திறக்கப் போகிறார்? அவர் எடுத்துவிட்ட வாசகம், பழைய சூஃபி ஞானி பாயஸீத் பிஸ்தாமியின் பெயரில் சூஃபிகளிடம் வழங்குவதுதான். தன்னைத்தானே பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறவர்களுக்கான எச்சரிக்கை அது. பயந்துபோன ஒரு பெண்ணிடம் வசூல் பண்ணுவதற்கு அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

இனி உங்கள் வறட்சிக்கு வருகிறேன். இது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1072இல் மறைந்த சூஃபி அறிஞர் இமாம் குஷைரி தன் ‘ரிஸாலா’ என்ற நூலில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். உள்ளம் விரிந்து கிடக்கும் நிலை பஸ்த், சுருங்கிப்போகும் நிலை கப்ளு. இந்தப் பாதையில் நடப்பவருக்கு இரண்டும் மாறி மாறி வரும். காரணமே தெரியாமல் சுருக்கம் வந்தால், அதை வலிந்து விரட்டப் பார்க்காதே, விரட்டினால் இன்னும் இறுகும், பொறுத்திருந்தால் தானே விலகும் என்பது அவர் சொல்லும் வழி. கால் இடறுவது விரிந்த நிலையில்தான் என்றும் எச்சரிக்கிறார். நம் தமிழ் சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரகுமான் கண்ணி முழுக்க, இரண்டடிக்கு ஒரு தரம் ‘ரகுமானே’ என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். எல்லாம் கைக்கு வந்த ஆளா அப்படிக் கெஞ்சுவார்?

ஒன்றை மட்டும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படக் கூடாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஏங்குவது அழுகைக்காக. பக்கத்து வீட்டில் பொறாமைப்பட்டதும் அதே அழுகைக்காகத்தான். நரகத்துக்குப் பயந்து வணங்கினால் என்னை அதிலேயே எரித்துவிடு, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டு வணங்கினால் அதை எனக்குத் தராதே என்ற துஆவை (பிரார்த்தனையை), 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த சூஃபி ஞானி ராபியா அம்மையாருடையது என்று சொல்வார்கள். சொர்க்கத்தையே கூலியாகக் கேட்காதவர், கண்ணீரைக் கேட்டு வாங்கியிருப்பாரா?

கவுண்டரைக் கழற்றி பீரோவில் போடுங்கள். கொஞ்ச நாளைக்கு 1,000 வேண்டாம், 100 போதும். கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு, அவசரமில்லாமல் எண்ணுங்கள். விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை விசாரிக்கப்படும், பேசவைக்கப்படும் என்று நபிகளார் சொன்னது பெண்களிடம்தான், அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு விஷயம். திக்ரு மட்டுமில்லாமல் சாப்பாடும் ருசிக்கவில்லை, தூக்கமும் வரவில்லை, பேத்தி பேரன் வந்தால்கூடச் சந்தோஷமில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால் அதைக் கப்ளு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். பாண்டி பக்கம்தானே, ஜிப்மர் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வருஷக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். அதற்கு மருந்து எடுப்பதால் ஈமான் (இறைநம்பிக்கை) குறையாது.

மாமியாரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. ஏமன் நாட்டில் இருந்த உவைஸுல் கர்னியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நபிகளார் காலத்திலேயே வாழ்ந்தும் அவர்களைக் கண்ணால் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஊரைவிட்டு வர முடியவில்லை என்பது வரலாறு. அப்படியிருந்தும் நபிகளார் அவரைப் பற்றி உமர் (ரலி) அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, சந்தித்தால் உனக்காகப் பாவமன்னிப்புத் தேடச் சொல் என்றார்கள். ஷெய்கை நேரில் பார்க்காமலே வழி கிடைத்தவர்களை இன்றைக்கும் சூஃபிகள் உவைஸிகள் என்றுதான் அழைக்கிறார்கள். செல்போன்காரர் அடுத்த முறை ஷைத்தான் கதையை எடுத்தால் இதைச் சொல்லுங்கள். கீழே இருந்து மாமியார் கூப்பிடும்போது உங்கள் திக்ரு அறுந்துபோவதில்லை; படியிறங்கிப் போய், அவருக்குப் புரண்டு படுக்கக் கை கொடுக்கும்போதும் அது நாவில் ஓடலாம்.

வடலூர் அக்காவின் வழி வேறு, உங்கள் வழி வேறு. ஆனால் வள்ளலார் செய்த வரிசையைக் கவனியுங்கள். பசித்தவருக்குச் சோறு போடும் தருமச்சாலையைத் தொடங்கியது 1867இல். ஏழு திரைக்குப் பின்னால் ஜோதி தெரியும் ஞானசபை வந்தது 1872இல்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆக மொத்தம் நான்தான் எல்லாம் செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உவைஸ் பார்த்துக்கொண்டது தன்னுடைய தாயை. பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டவில்லை. இந்தப் பத்தியை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம், டிவியை அணைத்துவிட்டு, அவர் தன் உம்மா பக்கத்தில் உட்காரட்டும்.