600 வரி ஏஜென்ட்ஸ்.எம்டி இருந்தும் டெஸ்ட் ஓட்ட மாட்டேங்குது – பதில்

நண்பா, ஏஜென்ட்ஸ்.எம்டில (கோட் எழுதுற ஏஐ ஏஜென்ட்டுக்கு நாம எழுதி வைக்கிற வழிமுறை ஃபைல்) 600 வரி எழுதியும் ஏஜென்ட் டெஸ்ட் ஓட்டாமலே முடிச்சிட்டேன்னு சொல்லுதுன்னா, ஃபைல் நல்லாருக்கான்னு படிச்சுப் பாத்து சொல்ல முடியாது, ஓட்டித்தான் பாக்கணும். ஏற்கனவே சரி பண்ணின பழைய பக்ல (கோட் பிழை) அஞ்சாறு எடுத்து, அதையே ஏஜென்ட்டுக்கு வேலையா குடுத்து ஃபைலோடவும் ஃபைல் இல்லாமலும் மூணு மூணு தடவையாவது ஓட்டுங்க, ஏன்னா ஒரே ப்ராம்ப்ட்டுக்கே (ஏஜென்ட்டுக்கு குடுக்குற கட்டளை) ரிசல்ட் மாறும். அப்புறம் ஃபைல்ல ஒவ்வொரு பகுதியா நீக்கிட்டு ஓட்டுங்க, வித்தியாசமே தெரியலன்னா அத தூக்கிடலாம்.

நீங்க போட்ட "சரியா டெஸ்ட் பண்ணவும்"ல எந்த கமாண்டுன்னே இல்லையே. "கோட் மாத்தினதும் என்பிஎம் டெஸ்ட் ஓட்டு, ஃபெயில் ஆனா நிறுத்திட்டு அவுட்புட்ட காட்டு"ன்னு எழுதுங்க (என்பிஎம் டெஸ்ட்ங்கறது ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்ல டெஸ்ட் ஓட்டுற கமாண்ட்), செஞ்சுதா இல்லையான்னு ஏஜென்ட் செஞ்சதெல்லாம் பதிவாகுற லாக்லயே தெரிஞ்சிடும். உங்க ஃபைல்ல மேல "சின்ன மாற்றத்துக்கு டெஸ்ட் வேணாம்"னு இருக்கு, கீழ "எப்பவும் ஓட்டு"ன்னு இருக்கு, எனக்கு இதுதான் பெரிய கோளாறா படுது, மொதல்ல இத சரி பண்ணுங்க.