வெளியே நின்று படம் எடுத்தால் போதுமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பினாங்கு போகிறோம். பழைய கட்டடங்களை அவசியம் பார்க்கச் சொல்கிறார் அண்ணன். வெள்ளைக்காரன் கட்டியதும் சீனர் கட்டியதும்தானே அங்கே இருக்கிறது, நமக்கென்ன? வெளியே நின்று நாலு படம் எடுத்துவிட்டுக் கொடிமலைக்குப் (பினாங்கு ஹில்) போனால் போதாதா? (வாசகர், கிள்ளான்)

பதில்: போதாது. வெள்ளைக்காரன் கட்டினான் என்கிறீர்களே, செங்கல் சுமந்தது அவனா? 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியதும் போட்டது வெறும் நிபோங் மர அடைப்புதான். அதைப் பிற்பாடு செங்கல் கோட்டையாக எழுப்பியது இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிற கார்ன்வாலிஸ் கோட்டை அதுதான். கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818இல் கட்டி முடித்தது, அந்த வெள்ளைத் தூண்களுக்குப் பின்னாலும் அதே கைதிகளின் உழைப்புதான் இருக்கிறது. அங்கே நின்று இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஆட்கள் கைகட்டி வேலை செய்ய மட்டும் வந்தவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். தேவாலயத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் அதற்கு அடிபோட்டவர் காதர் முகைதீன், தமிழகக் கரையிலிருந்து கப்பலேறி வந்த முஸ்லிம் வணிகர்களின் தலைவர். இப்போது கண்ணில் படுகிற குவிமாடங்கள் நூறு வருடத்துக்கும் பிந்திய வேலை, ஆகவே முழுக் கட்டடமும் அந்தக் காலத்தது என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது, நம் நாகூர் ஆண்டவர் பெயரில்தான். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பினாங்கில் இதைவிடப் பழைய இந்துக் கோயில் இல்லை, இன்றும் பூசை நடக்கிற கோயில் என்பதால் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டே வாருங்கள்.

சீனர் கட்டியதையும் விட வேண்டாம். கூ குலத்தாரின் சங்க இல்லமான கூ கொங்சியின் பழைய மண்டபம் 1901இல் தீயில் போனது, இப்போதிருப்பது 1906இல் முடித்தது, அந்த மரச் செதுக்கல் வேலைக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இத்தனை சமயமும் இனமும் நடை தூரத்தில் ஒன்றாக வாழ்ந்ததும் ஒரு காரணமாகத்தான் 2008இல் யுனெஸ்கோ பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. நமக்கென்ன என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தப் பெருமையில் பாதி வழி நம் ஆட்கள் நடந்து போட்டது, உங்கள் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வார்கள்?

கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். பள்ளிவாசலுக்குக் கைகால் மூடிய உடை வேண்டும், வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள். கொடிமலைக்கு மாலையில் ஏறினால் போதும்.