துப்பாக்கியை டாலஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டாலஸில் ஆறு ஆண்டுகள், கையில் கிரீன் கார்டு, போன ஆண்டு வாங்கிய சிக் பி365 கைத்துப்பாக்கி. அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடக்கப் பழகவே நான்கு மாதம் ஆயிற்று என்கிறீர்கள். இப்போது கம்பெனி உங்களைச் சிங்கப்பூருக்கு மாற்றுகிறது. உரிமம் வாங்கி இங்கேயும் வைத்துக்கொள்ள முடியுமா, முடியாவிட்டால் அது இல்லாமல் இருக்கப் பழகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. தற்காப்புக்கு வேண்டும் என்று கேட்டு நம்மைப் போன்ற ஒருவர் இங்கே உரிமம் பெற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு சிறை. அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டால் மரண தண்டனை. குண்டு யார் மேலும் பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1973-இல் வந்த சட்டம் இது. துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரைக்கூட நாட்டுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நானும் ஹூஸ்டனில் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு 2009-இல் இங்கே வந்தவன்.

உங்கள் பி365 சந்தைக்கு வந்தது 2018-இல். எங்கள் காலத்தில் குட்டித் துப்பாக்கி என்றால் க்ளாக் 26. இரண்டிலும் பத்துத் தோட்டாதான் என்றாலும் என்னுடையது நல்ல தடிமன். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலோருக்கு உரிமமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான் வாங்கிய காலத்தில் வகுப்பில் உட்கார்ந்து, ஐம்பது தோட்டா சுட்டுக் காட்டிய பிறகுதான் உரிம அட்டை தருவார்கள். சிறியது என்பதால் எளிது என்று நினைத்து வாங்கினேன். குழல் குட்டை, எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். சுட்டதும் முனை மேலே எகிறும். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். அந்த விரலை என்ன செய்வது என்று தெரியாமலேயே முதல் நூறு தோட்டா தீர்ந்துபோயிற்று. மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், கடைசி இரண்டு தோட்டாவை அமுக்கி ஏற்றுவதற்குள் கட்டைவிரல் சிவந்துவிடும்.

சுடுவதைவிடச் சுமப்பதுதான் பெரிய பாடம். முதல் இரண்டு வாரம் தோட்டா இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு நடந்தேன். காரில் உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கக் கற்றுக்கொண்டேன். முதல்முறை கடைக்குப் போனபோது ஊரே என் இடுப்பைப் பார்ப்பதுபோல் இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் எழும்போதெல்லாம் வலது கை தானாகப் போய்ச் சட்டையின் ஓரத்தை இழுத்துவிடும். துப்பாக்கியை விற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. இங்கே வந்து ஏழெட்டு மாதம் வரை, தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு நிமிரும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வேன். மீன்காரர் ஒருநாள், "என்ன சார், பர்ஸைத் தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

பயம் அதற்கு முன்பே போய்விட்டது என்பதுதான் எனக்கே வியப்பு. இரவு பதினொரு மணிக்கு மனைவி தனியாக நடந்து வருவதைப் பார்த்த முதல் வாரத்திலேயே மனதின் பாரம் இறங்கிவிட்டது. கை மட்டும் பின்தங்கி வந்தது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. துப்பாக்கியை யாரும் மறந்துபோய்ப் பெட்டியில் வைக்கமாட்டார்கள். ஆபத்து அதில் இல்லை, சில்லறையில் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவு, என் மடிக்கணினிப் பையைத் தலைகீழாக உதறிய மனைவி, "இது என்ன, பேனா மூடியா?" என்று நீட்டினாள். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் பித்தளைக் கூடு. சுட்டு முடித்த காலிக் கூடுதான், வாயில் கரி படிந்திருந்தது. சுடுதளத்தில் அது வலப்பக்கமாகத் தெறித்துத் தடுப்பில் மோதி எங்கே வேண்டுமானாலும் விழும். ஒருமுறை சூட்டோடு என் காலருக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்கியிருந்தால்? காலிக் கூட்டுக்கும் இங்கே விளக்கம் சொல்ல வேண்டும். உயிருள்ள தோட்டா என்றால் பேச்சே வேறு. ஆகவே சுடுதளத்துக்குப் போய்வந்த பை எதுவும் விமானம் ஏற வேண்டாம். ஜாக்கெட், பழைய ஜீன்ஸ், ஷூவின் உட்புறம் வரை பாருங்கள். உறை, மேகசின், துடைக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் துப்பாக்கியோடு சேர்த்து உரிமம் பெற்ற கடைக்காரரிடமே விற்று ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நண்பரிடம் கொடுத்துவைக்கிறேன் என்ற பேச்சு வேண்டாம். அவர் அதை என்ன செய்தாலும் இங்கே உங்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

சுடுவதே பிடிக்கும் என்றால் வழி இல்லாமல் இல்லை. சுவா சூ காங்கில் சுடுதளம் இருக்கிறது, சங்கத்தில் சேரலாம். ஆனால் துப்பாக்கி அங்கேயே பூட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வராது. சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியது இப்படிப்பட்ட கட்டுப்பாடு உள்ள நாட்டிலிருந்துதான்.

இன்னொன்று. உங்களுக்கு இரண்டு வயதில் மகன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தோடு நிரந்தரவாசம் வாங்கினால், நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள், பிள்ளைக்குப் பதினெட்டு வயதுவாக்கில் இரண்டு ஆண்டு தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, உண்டு. அப்போது எஸ்ஏஆர் 21 என்ற ராணுவத் துப்பாக்கியை அரசாங்கமே கையில் கொடுக்கும். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த என் மகன் இப்போது அதில்தான் இருக்கிறான். சுடுதளத்தை விட்டு வெளியேறும் முன், "என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ எதுவும் இல்லை" என்று ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். என் துப்பாக்கிக் கதைகளைக் கேட்டுவிட்டு, "அப்பா, அதை வைத்துக்கொண்டு கடைக்கா போனீர்கள்?" என்று சிரிக்கிறான்.

வெள்ளிக்கிழமை மாலை அவன் வந்ததும் சீருடையைத் துவைக்கப் போடுவதற்கு முன் என் மனைவி ஒவ்வொரு பையாக வெளியே இழுத்து உதறுகிறாள். எதுவும் இருக்காது என்று அவளுக்கும் தெரியும்.