கடைப் பலகைக்கு உருண்டை எழுத்து சரிவருமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஜிகர்தண்டா, பருத்திப்பால் கடை திறக்கிறோம். முனை உருண்ட, தடித்த எழுத்தில் பெயர்ப் பலகையும் விலைப்பட்டியலும் அடிக்கலாம் என்கிறான் மகன். தூரத்திலிருந்து படிக்க வருமா? எந்த எழுத்துரு நல்லது?

பதில்: பலகைக்குத் தாராளமாக வைக்கலாம். விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

இந்த வகை எழுத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கார் விற்கும் ஃபோக்ஸ்வாகனே 1979-இல் இப்படி ஓர் உருண்டை எழுத்தைத் தன் நிறுவன எழுத்தாக வைத்துக்கொண்டது. குளிர்பானக் கடைக்குக் கேட்கவே வேண்டாம். செய்கிறவருக்கும் இது வசதி. அக்ரிலிக்கை ரூட்டர் என்கிற சுழல் வெட்டும் இயந்திரத்தில் வெட்டும்போது, அதன் முனை உருளை வடிவம் என்பதால் உள்மூலைகள் எப்படியும் மழுங்கித்தான் வரும். உருண்டை எழுத்தில் அந்தக் குறை தெரியாது. ஸ்டிக்கர் எழுத்திலும் கூர்மூலைதான் முதலில் உரிந்து தூக்கும்.

சிக்கல் தடிமனில் இருக்கிறது. ஆங்கில எழுத்து தாங்குகிற கனத்தைத் தமிழ் தாங்காது. ‘ஜிகர்தண்டா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி ‘ண’வில் சுழிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை அடைபட்டால் தூரத்தில் அது ‘ன’ போலத் தெரியும். ‘ர்’ எழுத்தின் வால் குட்டையாகிவிட்டால் துணைக்காலுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் ஒளி விளிம்பைத் தாண்டிப் பரவி, இருக்கிற இடைவெளியையும் தின்றுவிடும். அதனால் ஒளிரும் பலகை என்றால் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு ஒரு படி மெலிந்த கனம் போதும்.

உங்கள் வீதிக்கென்று இன்னொன்று. மாசி வீதிகளில் நடந்து வருகிறவர் பலகையைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறார்; எழுத்துகள் நெருங்கித் தெரியும். எழுத்திடைவெளியைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். உயரத்துக்குப் பலகைக்காரர்களின் கணக்கு, பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம். நாற்பதடியில் தெரிய வேண்டுமானால் நான்கு அங்குலம். அதை ‘ஜி’யின் மேல் வளைவோடு சேர்த்து அளந்து ஏமாந்துவிடாதீர்கள், ‘க’வின் உயரத்தை அளக்க வேண்டும். வரிசையில் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. தமிழ்நாட்டில் விதியே அதுதான்.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ‘பலூ தம்பி 2’ கூகுள் எழுத்துருக்களில் இலவசம், கடைக்கும் பயன்படுத்தலாம். ஐந்து கனங்களில் வருகிறது. ஆகக் கனமானதை விட்டுவிட்டு அதற்கு முந்தையதை எடுங்கள். விலைப்பட்டியலில் சிறிய எழுத்தும் எண்களும் நெருக்கமாக வரும். அதற்கு உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ‘ஹிந்த் மதுரை’ பொருத்தம். தட்டையான, அமைதியான எழுத்து.

பிளெக்ஸ் கடைகளில் பழைய மென்பொருள் ஓடினால் யுனிகோட் தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும். பெயரை எழுத்தாக அனுப்பாமல், கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் ‘ண்’ எழுத்தை மட்டும் அசல் அளவில் தாளில் அச்சிட்டு, எதிர்ச் சாரியிலிருந்து உங்கள் வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கனத்தை இன்னும் ஒரு படி குறையுங்கள்.